நீரிழிவும் விழித்திரையும்: ஒரு குளிசையின் கதை

எமது கல்லூரியின் விழா மலருக்கு விஞ்ஞானப் பொருள் ஒன்றுபற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, எதனை எழுதுவதென நாம் நெடுநேரம் சிந்திக்க வேண்டியிருக்கவில்லை. அதற்குச் சில வாரங்களின் முன்னரே, எம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து கற்றவரும், பின்னர் மடுல்சீமைப் பகுதியிலே தோட்டப் பாடசாலையொன்றிற் பல்லாண்டு ஆசிரியப்பணி புரிந்து இளைப்பாறியவருமான நண்பர் ஒருவரை அவரது இல்லத்திற் கண்டிருந்தோம். வாசலில் நின்ற எம்மை அவர் குரலால் அறிந்துகொண்டாரேயன்றி முகத்தால் அறிந்திலர். பதினெட்டு ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. கண் நோகவில்லை, சிவக்கவில்லை, நீர் வடியவுமில்லை. ஆதலின் அதனை எவரிடமும் காட்டவேண்டுமென்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. ஒருநாட் காலையில் இடக்கண்ணின் முன் கரும்புகை போன்று ஏதோ சுழன்றது. மாலைக்குள் அக்கண் இருண்டது. எஞ்சிய வலக்கண்ணைக் காக்கும்பொருட்டுப் பதுளைக்குச் சென்று கண்ணுக்குள் ஊசி ஏற்றிக்கொண்டு வருகின்றார்.

விடைபெறும் வேளையில் அவர் எம் கையைப் பற்றிக்கொண்டு, “என்னப்பா, கண்ணுக்கு ஊசி போடாமலே குடிக்கிற குளிசை ஒன்று வந்திருக்குதாமே, மெய்தானா?” என்று வினவினார். உயிரியல் கற்பித்தவர் என்ற முறையில் எம்மிடம் கேட்டார் போலும். அன்று நாம் கூறிய விடை எமக்கே நிறைவளிக்கவில்லை. ஆறியிருந்து தேடிப் படித்தபின் கூறக்கூடிய விடையை இங்கு எழுதுகின்றோம்.

முதற்கண் நோயின் இயல்பைக் கூறுதல் வேண்டும். கண்ணின் பின்புறத்தே உட்சுவரிற் படிந்துள்ள மெல்லிய படலமே விழித்திரை. ஒளியை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இதுவே. உடலின் இழையங்களுள் மிகுதியாக ஒட்சிசனை வேண்டிநிற்பனவற்றுள் இஃது ஒன்று. ஆகவே மயிரினும் நுண்ணிய குருதிக் குழாய்கள் இதனூடே வலைபோற் படர்ந்துள்ளன. குருதியிற் சீனி பல்லாண்டு மிகுந்து நிற்குமாயின், இந்நுண்குழாய்களைத் தாங்கிநிற்கும் கலங்கள் முதலில் மடிகின்றன. தாங்குவாரற்ற குழாய் ஆங்காங்கே சிறு கொப்புளம்போற் புடைக்கின்றது, பின்னர் கசிகின்றது. கசிந்த நீர் போக, அதிலிருந்த கொழுப்பு மஞ்சட் புள்ளிகளாக விழித்திரையிற் படிகின்றது. கூர்ந்த பார்வைக்குரிய நடுப்பகுதியிலே இக்கசிவு தேங்கினால் எழுத்துக்கள் கோணலாகத் தோன்றும்; முகங்கள் மங்கும்.

கேடு இதனோடு நிற்பதன்று. அடைபட்ட குழாய்களாற் பட்டினி கிடக்கும் விழித்திரை, ‘எமக்குப் புதிய குழாய் வேண்டும்’ என்று கூவுவதுபோல் ஒருவகைப் புரதத்தைச் சுரக்கின்றது. புதிய குழாய்கள் முளைக்கின்றன. ஆனால் அவை உறுதியற்றவை, வளரத்தகாத இடத்தில் வளர்பவை. அவற்றுள் ஒன்று வெடித்தால் கண்ணின் நடுவேயுள்ள பளிங்குப்பசை முழுதும் குருதி பரவும். எம் நண்பர் கண்ட கரும்புகை அதுவே. இவை யாவும் நோவின்றி நிகழ்வன என்பதே இந்நோயின் கொடுமை. பல்வலி வந்தவன் இரவோடிரவாக வைத்தியரைத் தேடி ஓடுகின்றான். விழித்திரை கெடுபவனோ நிம்மதியாகத் துயில்கின்றான்.

இந்நோய் எத்துணைப் பரவியது என்பதற்குத் தமிழர் வாழும் இடங்களிலேயே கணக்கெடுப்புகள் உள. சென்னை நகரில் நடாத்தப்பெற்று 2005இல் வெளிவந்த ஆய்வொன்று, நீரிழிவுடையோருள் நூற்றுக்கு 17.6 பேருக்கு விழித்திரைக் கேடு இருத்தலைக் கண்டது. சங்கர நேத்ராலயத்தார் அந்நகரிலேயே செய்து 2009இல் வெளியிட்ட கணக்கும் ஏறத்தாழ 18 என்றே கூறிற்று. எமது நாட்டில் 2018-2019இல் எடுக்கப்பெற்ற கணக்கின்படி வளர்ந்தோருள் நூற்றுக்கு 23 பேர் நீரிழிவுடையோர். ஐந்தில் ஒருவருக்கு மேல் என்பதை வாசகர் ஒருகணம் தம் வீட்டாரை எண்ணிப் பார்த்து உணர்வாராக.

இனி, இதற்கு மனிதர் தேடிய பரிகாரங்களின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அது விசித்திரமான வரலாறு. 1953இல் தென்மார்க்கு நாட்டு வைத்தியர் பூல்சன் என்பார் ஒரு செய்தியை வெளியிட்டார். நீரிழிவால் விழித்திரை கெட்டிருந்த பெண்ணொருத்திக்கு, மகப்பேற்றின்பின் மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி செயலற்றுப்போக, அவளது விழித்திரையோ தேறிவிட்டது! இவ்வொரு பெண்ணின் கதையை ஆதாரமாகக் கொண்டு, அடுத்த இரு தசாப்தங்களில் மேனாட்டிற் பலருக்குக் கபச் சுரப்பியை அறுத்தெடுத்தனர். அன்றேல் கதிர்வீசும் பொருளைச் செருகி அழித்தனர். சிலரின் கண் தேறியது உண்மையே. ஆனால் அச்சுரப்பியை இழந்தவர் ஆயுள் முழுவதும் ஓமோன் மருந்துகளை உட்கொண்டு, சிறு காய்ச்சல் வரினும் உயிருக்கு அஞ்சி வாழ நேர்ந்தது. கண்ணைக் காக்க உடலை ஈடுவைத்தமை எனலாம்.

அதனை வழக்கொழித்தது ஒளி. 1945ஆம் ஆண்டு யூலைத் திங்களில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணாற் பார்த்து விழித்திரை சுட்டுக்கொண்ட மாணவன் ஒருவனை ஜேர்மனியக் கண் வைத்தியர் மையர்-ஷ்விக்கராத் பரிசோதித்தார். சுட்ட இடம் சிறு தழும்பாக ஆறியிருத்தலைக் கண்ட அவர், தீமை செய்த ஒளியையே அளந்து செலுத்தி நன்மை செய்யலாகாதோ எனச் சிந்தித்தார். (1955 யூன் 20இல் இலங்கையிற் பூரண சூரிய கிரகணம் தோன்றியபோது வெறுங்கண்ணாற் பார்க்கலாகாதெனப் பெரியோர் சிறுவரைத் தடுத்ததன் காரணமும் இச்சூடேயாம்.) முதலிற் சூரிய ஒளியும், பின் செனன் விளக்கும், அதன்பின் லேசர்க் கதிரும் பயன்பட்டன. 1976இல் அமெரிக்கப் பெருஞ்சோதனையொன்று, புதுக்குழாய் முளைத்த கண்களிற் கடும் பார்வையிழப்பை லேசர் பாதிக்கு மேற் குறைத்தலை ஐயமற நிலைநாட்டியது. எனினும் லேசர் என்பது விழித்திரையின் ஓரங்களைச் சுட்டு நடுவைக் காக்கும் உபாயம். வீடு எரிகையிற் கூரையின் ஒரு பக்கத்தைப் பிரித்தெறிவது போன்றது.

பின்னர் வந்தது ஊசி. பட்டினி கிடக்கும் விழித்திரை சுரப்பதாக மேலே கூறிய புரதம் 1989இற் பிரித்தறியப்பட்டது. அதனைக் கட்டிப்போடும் மருந்தாகிய பெவசிசுமாப், பெருங்குடற் புற்றுநோய்க்கென 2004இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அடுத்த ஆண்டே மயாமி நகர வைத்தியர்கள் அம்மருந்திற் சிறுதுளியைக் கண்ணுக்குள் ஏற்றிப் பார்த்தனர். கண்ணுக்கென்றே பின்னர் செய்யப்பெற்ற ரனிபிசுமாப், அப்லிபர்செப்ற் என்பன விலையில் மிக உயர்ந்தவை. புற்றுநோய் மருந்தின் துளியோ மலிவானது. 2015இல் 660 பேரிடம் மூன்றையும் ஒப்பிட்டபோது, பார்வை சிறிதே குன்றியிருந்தவர்களுக்கு மூன்றும் ஏறத்தாழச் சமமாகவே பயனளித்தன. மிகக் குன்றியிருந்தோருக்கு முதலாண்டில் அப்லிபர்செப்ற் முந்தியது. உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே பெவசிசுமாப்பைக் கண்ணுக்குரிய அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்துவிட்டது. எம் நண்பரின் வலக்கண்ணிற் பார்வை இன்று எஞ்சியிருத்தல் இவ்வூசியின் புண்ணியமே. ஆகவே ஊசியை இகழ்தல் எம் நோக்கமன்று.

ஆனால் அவ்வூசி ஒருமுறை ஏற்றி முடிவதன்று. தொடக்கத்தில் மாதந்தோறும், பின்னர் சற்று இடைவிட்டு, ஆண்டுகளாகத் தொடர வேண்டும். மடுல்சீமை மலையிலிருந்து பதுளைக்குச் செல்வதென்றால், விடியுமுன் எழுந்து, தோட்டப் பாதையில் இறங்கி, பஸ் பிடித்து, பசறை வழியே வளைந்து வளைந்து செல்லவேண்டும். கண்ணிற் கட்டோடு திரும்புபவரை அழைத்துவர மகனோ மகளோ உடன் செல்லவேண்டும். இருவருள் வேலைக்குச் செல்பவருக்கு அன்றைய பேர் இல்லை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. இளைப்பாற்றுச் சம்பளம் பெறும் ஆசிரியருக்கே இஃது அரிதெனின், கொழுந்து கிள்ளி நாட்சம்பளம் பெறும் தாய்க்கு எத்துணை அரிது! மருந்து இலவசமாயினும் வழி இலவசமன்று. நண்பர் குளிசையைப்பற்றிக் கேட்டதன் பொருள் இதுவே.

அவர் கேள்வியுற்ற குளிசையின் பெயர் பெனோபைபிரேற். இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்தன்று. குருதிக் கொழுப்பைக் குறைக்கவென 1975 முதல் பிரான்சு தேசத்தில் வழங்கிவந்த பழைய மருந்து. கொழுப்புக் குளிசைக்கும் கண்ணுக்கும் யாது தொடர்பு என்று வினவலாம். அத்தொடர்பு இக்குளிசையினும் மூத்தது. 1960களில் எடின்பரோ நகர வைத்தியர்கள், விழித்திரையிற் படியும் மஞ்சட் புள்ளிகள் கொழுப்பேயாதலின், கொழுப்பைக் குறைத்தால் அவை கரையுமோ என எண்ணி, இக்குடும்பத்தின் மூத்த மருந்தாகிய குளோபைபிரேற்றைக் கொடுத்துப் பார்த்தனர். புள்ளிகள் குறைந்தன, ஆனால் பார்வை தேறவில்லை. 1978இல் வெளிவந்த மற்றொரு பெருஞ்சோதனையில், குளோபைபிரேற் உண்டோரிடையே இருதய நோயல்லாத பிற காரணங்களால் மரணம் மிகுந்தமை தெரியவர, அம்மருந்து மதிப்பிழந்தது. அதனோடு கண்பற்றிய எண்ணமும் ஏறக்குறைய மறக்கப்பட்டது.

மறந்ததை நினைவூட்டியது ஒரு தோல்வி. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பின்லாந்து ஆகிய நாடுகளில் நீரிழிவுடைய 9,795 பேரிடம் பெனோபைபிரேற் மாரடைப்பைத் தடுக்குமோ எனச் சோதித்தனர். 2005இல் வந்த முடிவு ஏமாற்றமளித்தது. முதன்மையாகக் கருதிய பயன் ஐயமற நிலைநாட்டப்படவில்லை. ஆயினும் அச்சோதனையாளர் கண்ணையும் கவனித்திருந்தனர். 2007இல் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி, விழித்திரைக்கு லேசர் வேண்டியவர்கள் வெற்றுக் குளிசை உண்டோருள் நூற்றுக்கு 4.9; பெனோபைபிரேற் உண்டோருள் 3.4 மட்டுமே. 2010இல் வட அமெரிக்கச் சோதனையொன்று இதனை வழிமொழிந்தது: நான்காண்டில் நோய் முற்றியவர்கள் ஒருபுறம் நூற்றுக்கு 10.2, குளிசை உண்ட மறுபுறம் 6.5. விந்தை யாதெனின், குருதிக் கொழுப்புக் குறைந்த அளவுக்கும் கண் பெற்ற பயனுக்கும் பொருத்தம் காணப்படவில்லை. கொழுப்பைக் குறைப்பதனாலன்றி, விழித்திரைக் கலங்களுள் ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்தைத் தூண்டி அழற்சியையும் கசிவையும் தணிப்பதனால் இப்பயன் விளைகின்றது என்பது ஆய்வாளர் கருத்து. அவுஸ்திரேலிய அரசாங்கம் 2013இல் இதனைக் கண்ணோய்க்கும் வழங்க இசைந்தது. ஏனைய நாடுகள் பெரும்பாலும் காத்திருந்தன. ஏனெனில் அவ்விரு சோதனைகளும் இருதயத்தை நோக்கி எழுந்தவை, கண் அவற்றிற்கு இரண்டாம் பொருள்.

கண்ணையே முதற்பொருளாகக் கொண்ட சோதனை மீண்டும் ஸ்கொத்லாந்திலேயே நிகழ்ந்தது என்பது எமக்கு இனிய செய்தி. தேயிலைக்கும் ஸ்கொத்லாந்துக்கும் உள்ள உறவை மலைநாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1867இல் லூல்கந்துரையிலே முதற் தேயிலைத் தோட்டத்தை நாட்டிய ஜேம்ஸ் ரெயிலர் அந்நாட்டவரே. மடுல்சீமையில் இன்றும் வழங்கும் ரோபேரி என்ற தோட்டப் பெயரும் எமது நாவிற் பிறந்ததன்று. நிற்க. அந்நாட்டில் நீரிழிவுடையோர் அனைவரின் விழித்திரையையும் உரிய காலத்திற் படமெடுத்துப் பார்க்கும் தேசிய ஏற்பாடு உண்டு. அப்படங்களிலிருந்து, நோய் தொடங்கியும் முற்றாத நிலையிலிருந்த 1,151 பேரைத் தெரிந்து, ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் இரு கூறாக்கினர். ஒரு சாராருக்கு 145 மில்லிகிராம் பெனோபைபிரேற். மறுசாராருக்கு அதே தோற்றமுடைய வெற்றுக் குளிசை. யாருக்கு எது என்பதை உண்பவரும் அறியார், கணிப்பவரும் அறியார். குளிசைகள் தபாலிற் சென்றன; வழக்கமான படங்களே சாட்சியாயின. ஏறத்தாழ நான்காண்டின் பின், 2024இல் முடிவு வெளிவந்தது. விசேட வைத்தியரிடம் அனுப்பவேண்டிய அளவுக்கு நோய் முற்றியவர்கள், வெற்றுக் குளிசை உண்டோருள் நூற்றுக்கு 29.2, மருந்துண்டோருள் 22.7.

இவ்வெண்களை நிதானமாக நோக்குதல் வேண்டும். பத்திரிகைகள் இவற்றைக் கண்டு, ‘கால்பங்குக்கு மேற் குறைந்தது’ என்று பறைசாற்றும். அது பொய்யன்று. ஆனால் எமது மாணவர்க்கு நாம் கரும்பலகையிற் கணக்கிட்டுக் காட்டுவது வேறு: நூறு பேர் நான்காண்டு நாள்தோறும் குளிசை உண்டால், அதனாற் காக்கப்படுவோர் அறுவர் அல்லது எழுவர். எஞ்சியோருள் பெரும்பாலாருக்கு அது இன்றியும் நோய் முற்றியிராது. சிலருக்கு அது இருந்தும் முற்றியது. மேலும் அந்நான்காண்டில் இரு சாராரின் பார்வைக் கூர்மையில் வேறுபாடு காணப்படவில்லை. படத்தில் நோய் தாமதித்தது, அவ்வளவே. சிறுநீரகத் தொழிற்பாட்டைக் காட்டும் அளவு மருந்துண்டோரிற் சற்றுத் தாழ்ந்தது. சிறுநீரகம் தளர்ந்தோருக்கு அச்சோதனையில் ஒருநாள் விட்டு ஒருநாளே குளிசை கொடுக்கப்பட்டது. பித்தக்கல் உடையோர்க்கும், குருதி உறையாதிருக்க மருந்துண்போர்க்கும், கொழுப்பைக் குறைக்க வேறு குளிசை உண்போர்க்கும் தனிக் கவனம் வேண்டும். ஆகவே அயலவர் ஒருவருக்குக் கொடுத்த துண்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி உண்ணத்தக்க பொருள் இஃதன்று.

இவ்வளவு சான்றிருந்தும் ஏன் இதனை இன்னும் பல நாடுகள் ஆய்வு நிலை மருந்தாகவே வைத்துள்ளன என்று பொறுமையிழப்போரும் உளர். அவர்களுக்கு ருபொக்சிஸ்ரோரின் என்ற மற்றொரு குளிசையின் கதையைக் கூறுவோம். 2006இல் வெளிவந்த சோதனையிலே, நோய் முதிர்ந்த 685 பேருள், மூன்றாண்டில் நிலையான பார்வைக் குறைவு எய்தியவர் வெற்றுக் குளிசையில் நூற்றுக்கு 9.1, மருந்தில் 5.5. நம்பிக்கையூட்டும் எண்களே. அமெரிக்க மருந்து அதிகாரிகளோ, இஃதொன்று போதாது, இன்னுமொரு மூன்றாண்டுச் சோதனை செய்து வருக என்றனர். ஐரோப்பாவிற் கொடுத்த விண்ணப்பம் 2007இல் மீளப் பெறப்பட்டது. அம்மருந்து இன்றுவரை எவர் கைக்கும் வரவில்லை. அதிகாரிகள் செய்தது சரியோ தவறோ என நாம் பன்முறை எண்ணியதுண்டு. கபச் சுரப்பியை இழந்த நோயாளரை நினைக்குந்தோறும், சரியென்றே தோன்றுகின்றது. ஒரு பெண்ணின் கதையைக் கொண்டு பலரின் உடலை அறுத்த காலத்துக்கும், ஆயிரம் பேரை இரு கூறாக்கி நான்காண்டு காத்திருக்கும் காலத்துக்கும் இடையே வைத்திய சாத்திரம் கற்ற பாடம் பெரிது.

எமது மலைகளுக்கு இக்குளிசையால் யாது பயன் என்பதே இனி எஞ்சும் வினா. விலையில் இஃது ஊசியினும் மிக எளியது, குளிரூட்டி வேண்டாதது, தோட்ட மருந்தகத்துக்கும் மலையேறிச் செல்லவல்லது. ஆனால் ஸ்கொத்லாந்துச் சோதனையிற் குளிசை முந்தவில்லை, படமே முந்தியது என்பதை எவரும் கவனிப்பதில்லை. நோய் தொடங்கியதைப் படம் காட்டியதனாலன்றோ அந்த 1,151 பேரும் அகப்பட்டனர்! கண்ணின் பின்சுவரை ஒருநாளும் எவரும் பாராத மனிதனுக்கு இக்குளிசையை எக்காலத்தில், எதற்காகக் கொடுப்பது? குளிசைக்கு ஆசைப்படுமுன் நாம் கமராவுக்கு ஆசைப்படல் வேண்டும் என்பது எமது துணிபு. இதற்கு வழிகாட்ட ஸ்கொத்லாந்து மட்டுமன்றித் தமிழ்நாடும் உண்டு. 1976இல் மதுரையில் வைத்தியர் கோ. வெங்கடசாமி அவர்கள் தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, கிராமங்களிற் சிறு கண் நிலையங்களை அமைத்து, அங்கு எடுக்கும் படங்களை நகரிலுள்ள வைத்தியர் பார்த்து விடை கூறும் முறையை நடாத்தி வருகின்றது. அவ்வைத்தியசாலையிலும் சங்கர நேத்ராலயத்திலும் எடுத்த படங்களையும் சேர்த்து, விழித்திரைக் கேட்டைக் கணினியே இனங்காணுமாறு பயிற்றிய ஆய்வு 2016இல் வெளியாயிற்று. மதுரைக் கிராமத்துக்கு ஏற்றது பட்டாவத்தைக்கு ஏலாது என்பதற்கு நியாயம் எதுவும் எமக்குத் தெரியவில்லை.

மற்றொன்றும் சொல்லுதல் தகும். மேற்கூறிய மூன்று பெருஞ்சோதனைகளிலும் குளிசை உண்டோர் பெரும்பாலும் ஐரோப்பிய வழியினர். எம்மவர்க்கு நீரிழிவு இளவயதிலே வருகின்றது. மெலிந்த உடலிலும் வருகின்றது. இங்குள்ள நோயாளரிடையே இங்குள்ள வைத்தியர்கள் நடாத்தும் சோதனையே எமக்கு முழுவிடை தரும். வைத்தியத் துறையிற் புகும் எமது கல்லூரி மாணவர் ஒருவர் என்றேனும் அதனை மேற்கொள்வாராயின், இம்மலரின் பழைய பிரதியொன்றை அவருக்கு அனுப்பிவைக்க நாம் விரும்புவோம்.

சென்ற மாதம் மீண்டும் நண்பரிடம் சென்று இவற்றையெல்லாம் கூறினோம். பொறுமையோடு கேட்டார். அவருடைய கண்ணுக்கு இக்குளிசை காலங்கடந்தது என்பதை அவரது வைத்தியர் முன்னரே கூறிவிட்டாராம். நோய் தொடங்கும் நிலையிலேயே அதற்கு வேலை, அவருக்கு ஊசியே தொடரும். சற்றுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, “தம்பிக்கும் சீனிதானே? அவனைக் கூப்பிட்டுக்கொண்டு போக வேண்டும்” என்றார். தம்பி தோட்டத் தொழிற்சாலையில் வேலை செய்பவர். நீரிழிவு கண்டு ஒன்பது ஆண்டு. கண்ணிற் குறையொன்றும் தெரியாதவர். அடுத்த ஊசி நாளன்று, கண் காட்டுபவரும் ஊசி ஏற்றுபவருமாக இருவரும் ஒரே பஸ்ஸிற் பதுளைக்குச் சென்றனர். தம்பியின் படத்தில் வலக்கண்ணில் இரண்டு சிறு புடைப்புகளும் ஒரு மஞ்சட் புள்ளியும் காணப்பட்டன. சிறுநீரகப் பரிசோதனைக்காகக் குருதி எடுத்திருக்கின்றனர். அதன் முடிவைப் பார்த்தே குளிசையைப்பற்றிப் பேசலாமென வைத்தியர் கூறியுள்ளார்.